கோவை டவுன்ஹால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்து வளர்ந்தது வைசியாள் வீதியை ஒட்டிய ஒரு சந்தில். அப்பா அங்கே சின்னதாக நகைப்பட்டறை வைத்திருந்தார். வேலைக்காகக் கோவைக்குக் குடிவந்தவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பழைய ஊரைப் பார்க்கணும் என்று கேட்கும் சொந்தக்காரர்கள் என யாரையாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுன்ஹாலுக்குக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டுவது சில வருஷமாகவே வழக்கமாகிவிட்டது. ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கோயமுத்தூரின் மையச் சதுக்கம் எது?

சதுக்கம் என்று பெயர்ப்பலகை வைத்த இடம் எதுவும் இல்லை. மதுரையில் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று அடுக்கடுக்காகப் போகும். நமக்கு அமைந்தது முக்குகள்தான். பெரிய கடை வீதி, ஒப்பணக்கார வீதி, ராஜவீதி, வைசியாள் வீதி எல்லாம் பத்து நிமிட நடைக்குள் ஒன்றையொன்று தொடுகின்றன. அந்த வட்டத்துக்குள்ளேயே விக்டோரியா ஹால், மணிக்கூண்டு, கோனியம்மன் கோயில், தேர்நிலைத்திடல் நான்கும் இருக்கின்றன. இந்த நான்கையும் சேர்த்துத்தான் ஊர்ச்சனம் "டவுன்ஹால்" என்கிறது. பஸ்ஸில் "டவுனாலு எறங்குறவங்க முன்னாடி வாங்க" என்று கண்டக்டர் கூப்பிட்டால், அவர் சொல்வது ஒரு கட்டடத்தை மட்டும் அல்ல, இந்த மொத்த வட்டாரத்தையும்தான்.

டவுன்ஹால் கட்டடம் எப்போது வந்தது? யார் கட்டியது?

விக்டோரியா ராணியின் ஆட்சிக்கு 50 ஆண்டு நிறைந்தது 1887-ல். அதன் நினைவாக எழும்பிய இந்த மண்டபம் 1892-ல் முடிந்தது. அரசாங்கம் தானாகக் கட்டித் தந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இதற்காக அலைந்து நன்கொடை திரட்டியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் சே.ப. நரசிம்மலு நாயுடு. ஈரோட்டில் பிறந்தவர். கோயமுத்தூரில் 'கலாநிதி' பத்திரிகை நடத்தியவர். ஊருக்கு என்ன குறை என்று எழுதுவதோடு நிற்காமல், அதைத் தீர்க்க வழி தேடிக் கிளம்பிவிடும் மனிதர். சிறுவாணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரலாம் என்ற யோசனையை 1880-களின் கடைசியிலேயே முன்வைத்தார். அந்தத் தண்ணீர் வந்து சேர 40 ஆண்டு ஆனது. இன்றைக்கு நம் வீட்டுக் குழாயில் வரும் சிறுவாணிக்கும் டவுன்ஹாலுக்கும் தொடக்கத்தில் உழைத்தவர் ஒரே ஆள் என்பதை, கூட வருகிறவர்களிடம் நான் ஒவ்வொரு முறையும் சொல்லாமல் விடுவதில்லை.

நகராட்சி அதற்கும் முந்தியது. 1866-ல் ஏற்பட்டது, முதல் தலைவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். 1981-ல் மாநகராட்சியானது. 2011-ல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் சுற்றியிருந்த பேரூராட்சிகளும் சேர்ந்து 100 வார்டு ஆயிற்று. அந்த 100 வார்டு உறுப்பினர்களும் கூடிப் பேசுவது இதே 1892-ம் வருஷத்து மண்டபத்தில்தான். வேறு பல ஊர்களில் பழைய மண்டபங்கள் பூட்டிக் கிடக்க, நம்முடையது இன்னும் வேலை செய்கிறது. எனக்கு அதில் உண்மையான பெருமை உண்டு.

உள்ளே போய்ப் பார்க்கலாமா?

மாமன்றக் கூட்டம் நடக்கும் இடம். கண்காட்சிச் சாலை மாதிரி நினைத்த நேரத்துக்கு நுழைய முடியாது. பக்கத்து மாநகராட்சி அலுவலகத்தில் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும்.

இன்னுமா ராணி பேரு? மாற்றக் கூடாதா?

ஊர்மக்கள் வாயில் அது டவுன்ஹால்தான், விக்டோரியா என்பது ஏட்டில் இருக்கிறது. பெயரை மாற்றுவதைவிட, யாருடைய காசிலும் உழைப்பிலும் எழுந்தது என்று தமிழில் ஒரு கல்வெட்டு, தெருவில் நடந்து போகிறவர் நின்று படிக்கும் உயரத்தில் வைத்தால் போதும் என்பது என் எண்ணம்.

மணிக்கூண்டு எதற்காக?

அது டவுன்ஹாலுக்கும் மூத்தது. ஊர்ப்பணி செய்த திருவேங்கடசாமி முதலியார் நினைவாக 1877-ல் எழுப்பினார்கள். கையில் கடிகாரம் கட்டியவர்கள் அபூர்வமாக இருந்த காலம். நான்கு பக்கமும் முகம் வைத்ததால் எந்த வீதியிலிருந்து வந்தாலும் மணி தெரிந்தது. பட்டறையில் சுத்தியல் சத்தத்துக்கு நடுவில் அப்பா, "கூண்டுல மணி என்னன்னு பாத்துட்டு வா கண்ணு" என்று என்னை அனுப்புவார். வீட்டிலும் கடிகாரம் இருந்தது. ஆனாலும் கூண்டு மணிதான் அவருக்குக் கணக்கு.

இவற்றுக்கெல்லாம் முன்னால் இங்கே என்ன இருந்தது?

கோட்டை. டவுன்ஹாலிலிருந்து உக்கடம் பக்கமாக நடந்தால் கோட்டைமேடு வருகிறதே, அந்தப் பெயரில் இருப்பது நிஜமான கோட்டைதான். மைசூர்ப் போர்களில் கைமாறிக் கைமாறி, 1791-ல் முற்றுகைக்கு உள்ளாகி, 1792 வாக்கில் இடிக்கப்பட்டது. இன்றைக்கு மதில் ஒன்றும் மிச்சமில்லை. கோட்டை ஈஸ்வரன் கோயிலும் மேடும் பெயரும் நிற்கின்றன. 1804-ல் கோயமுத்தூர் ஜில்லா அமைந்த பிறகு கோட்டைக்கு வெளியே பேட்டையாக இருந்த பகுதி வளர்ந்து கடைவீதியாகக் கெட்டிப்பட்டது. அதனால்தான் நம் மையத்தில் அரண்மனை முற்றமோ அணிவகுப்புத் திடலோ கிடையாது. வியாபாரம் செய்ய வந்தவர்கள் போட்ட ஊர் இது.

தேர்நிலைத்திடல் என்றால்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ராஜவீதியில் கோனியம்மன் தேர் வருஷம் முழுக்க நிற்கும் இடம். தேர் நிலை கொள்வதால் தேர்நிலைத்திடல். மாசித் திருவிழாவில் தேர் இங்கிருந்து கிளம்பி, ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி, கருப்பகவுண்டர் வீதி சுற்றித் திரும்ப இங்கேயே வந்து சேரும். மீதி நாட்களில் கட்சிக் கூட்டம், தொழிற்சங்க ஆர்ப்பாட்டம், பாராட்டு விழா எல்லாவற்றுக்கும் இதுவே மேடை. "ராஜவீதி தேர்முட்டியில கூட்டம்" என்றால் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். என் பார்வையில் கோயமுத்தூரின் உண்மையான சதுக்கம் இதுதான்.

ஐந்தாறு வயதில் அமுச்சியோடு, அதாவது அம்மாவின் அம்மாவோடு, தேர் பார்க்கப் போனது நினைவிருக்கிறது. சாத்தியிருந்த ஒரு கடையின் படியில் மதியத்துக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். அமுச்சி மடியில் செய்தித்தாள் பொட்டலத்தில் கல்லுப்பும் மிளகும். தேர் மேல் வீசுவதற்கு. சூடேறிய கல்படி, எண்ணெய் பூசின மரத்தின் வாசனை, கூட்டத்தில் ஒரு அலை. தேர் கருப்பகவுண்டர் வீதி பக்கம் திரும்பும்போது சக்கரத்துக்கு அடியில் சன்னக்கட்டையைச் செருகினார்கள். கட்டையும் சக்கரமும் உரசிப் புகை வந்தது. நான் பயந்து அமுச்சி சேலையைப் பிடித்துக்கொண்டேன். "ஒன்னுமில்ல சாமி, அம்மன் திரும்புறா" என்றார். அத்தனை பெரிய தேரை ஒரு சாண் கட்டை திருப்பிவிடுகிறது என்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

அந்தப் படி இப்போது இல்லை. படி வைத்த கடைகளே அந்த வரிசையில் இல்லை. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வெரைட்டி ஹால் ரோட்டில் வெரைட்டி ஹால் எங்கே?

இப்போது இல்லை. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துச் சலனப்படம் காட்டினார். பிறகு 1914-ல் டவுன்ஹாலுக்குப் பக்கத்தில் நிலையான அரங்கம் ஒன்றைக் கட்டினார். தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்குகளில் ஒன்று என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் இடம். டிலைட் தியேட்டர் என்ற பெயரில் எங்கள் தலைமுறை வரை இருந்தது. 2023-ல் இடித்துவிட்டார்கள். தனியார் சொத்து, ஓட்டமும் நின்றுவிட்டது என்பதெல்லாம் புரிகிறது. ஆனாலும் முகப்பை மட்டுமாவது நிறுத்தியிருக்கலாம். தமிழ்நாட்டில் பாரம்பரியச் சின்னங்களுக்கான ஆணையச் சட்டம் 2012-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு இப்படி ஒன்று கண்ணெதிரே போனது எனக்கு ஆறவே இல்லை.

ஏன் இவ்வளவு நெரிசல்?

1901-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கோயமுத்தூரின் மக்கள்தொகை சுமார் 53,000. 2011-ல் மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் 10.5 லட்சம். வீதிகளோ அதே வீதிகள். ஒப்பணக்கார வீதி போட்ட காலத்தில் எதிரெதிரே இரண்டு மாட்டுவண்டி போனால் போதும். இன்று அதே அகலத்தில் பஸ் போக வேண்டும்.

ஊரை விரிக்க ஒரு முயற்சி நடந்தது. 1900-களின் தொடக்கத்தில் திரும்பத் திரும்பப் பிளேக் வந்தபோது, இந்தச் சந்துகளின் நெருக்கமே சாவுக்குக் காரணம் என்று மேற்கே புது வீதிகளைத் திட்டமிட்டுப் போட்டார்கள். நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியார் பெயரில் ஆர்.எஸ்.புரம் வந்தது அப்படித்தான். குடியிருப்பு அங்கே போனது. கடைவீதி இங்கேயே நின்றது. கல்யாணத்துக்குச் சேலை, தாலிக்கொடி, பாத்திரம், பட்டாசு என்று பொள்ளாச்சியிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிற சனம் டவுன்ஹாலுக்கே வருகிறது.

1998-க்குப் பிறகு இந்த இடம் மாறிவிட்டதா?

மாறியது. 1997 நவம்பர் கலவரத்தின் சூடு தணிவதற்குள், 1998 பிப்ரவரி 14 அன்று நகரத்தின் பல இடங்களில் குண்டு வெடித்து 58 பேர் இறந்தார்கள். வீதிகள் மாதக்கணக்கில் வெறிச்சோடின. பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கத் தயங்கிய காலம் அது. அப்பாவின் பட்டறையில் வேலை பார்த்த கோட்டைமேட்டுப் பையன் இரண்டு மாதம் வரவில்லை. வந்த அன்று அப்பா ஒன்றும் கேட்காமல் டீ வாங்கிவரச் சொன்னார்.

அண்மை ஆண்டுகளில் கோனியம்மன் தேர் ஒப்பணக்கார வீதி பள்ளிவாசலைத் தாண்டும்போது, அத்தர் ஜமாத்தைச் சேர்ந்தவர்கள் வெயிலில் வரும் பக்தர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கிறார்கள். நேரில் பார்த்தவன் நான். இரண்டு பக்கமும் நிற்க இடம் இருக்கும் ஒரு வீதியில்தான் இது நடக்கும். சதுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் காரணம் இதுதான்.

ஸ்மார்ட் சிட்டி பணத்தில் டவுன்ஹாலுக்கு என்ன செய்தார்கள்?

மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்துக்கு 2016 ஜனவரியில் வந்த முதல் 20 நகரங்கள் பட்டியலிலேயே கோயமுத்தூர் இருந்தது. பெரும்பணம் குளங்களுக்குப் போனது. பெரியகுளம், வாலாங்குளம், செல்வசிந்தாமணி, முத்தண்ணன்குளம், குறிச்சி ஆகியவற்றின் கரைகளில் நடைபாதை போட்டார்கள். ரேஸ்கோர்ஸில் இரண்டரை கிலோமீட்டர் நடைவட்டம் புதுப்பொலிவு பெற்றது. ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோடு மாதிரிச் சாலை ஆனது. பெரியகுளக் கரையில் மாலையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது அந்தச் செலவு வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் கணக்கைக் கவனியுங்கள். ரேஸ்கோர்ஸ், ஆர்.எஸ்.புரம் இரண்டும் ஏற்கெனவே அகலமான, மரம் நிறைந்த பகுதிகள். காந்திபுரத்தில் மத்திய சிறை வளாகத்தில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா, 2010 மாநாட்டின்போது அறிவித்தது, 2025 நவம்பரில் திறந்தாயிற்று. வ.உ.சி. செக்கிழுத்த சிறை மண் அது, நல்ல காரியம். தினமும் ஆயிரக்கணக்கான கால்கள் மிதிக்கும் டவுன்ஹாலில் மட்டும் அகலமான நடைபாதை, நிழல், உட்கார இடம் மூன்றையும் சேர்த்துத் தரும் வேலை இன்னும் நடக்கவில்லை.

உக்கடம் மேம்பாலம் வந்த பிறகு நெரிசல் குறையவில்லையா?

2024 ஆகஸ்டில் திறந்த 3.8 கிலோமீட்டர் பாலம் ஆத்துப்பாலம் பக்கம் போகிறவர்களுக்குப் பெரிய உதவி. டவுன்ஹாலுக்குள் வருகிறவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. அவர்கள் இங்கே இறங்கத்தான் வருகிறார்கள். தாண்டிப் போக அல்ல.

நடைபாதைக் கடைகளை எடுத்துவிட்டால் இடம் கிடைத்துவிடும் அல்லவா?

கூட வருகிறவர்களில் பாதிப்பேர் இதைக் கேட்கிறார்கள். சட்டத்தை முதலில் சொல்கிறேன். 2014-ம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. ஊருக்கு ஊர் விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்.

இனி நான் பார்த்தது. காலையில் ஒப்பணக்கார வீதியில் ஒரு பூக்காரம்மா கூடையை இறக்கினால் அடைத்துக்கொள்வது இரண்டு சதுர அடி. பக்கத்தில் கோணலாக நிறுத்தின ஒரு கார் பத்துப் பூக்காரர்கள் இடத்தை நாள் முழுக்க விழுங்கிவிடுகிறது. கடைக்காரர் ஷட்டருக்கு வெளியே இழுத்துப் போடும் பொம்மையும் சேலை ஸ்டாண்டும் அதற்கு மேல். யாரை முதலில் நகர்த்துவது என்று நீங்களே அளந்து பாருங்கள். டேப் எடுத்துக்கொண்டு போய் நான் அளந்திருக்கிறேன். நான் அளந்த இடத்தில் நடப்பவருக்கு மிஞ்சியது இரண்டேகால் அடி.

வண்டியே வராத வீதியாக்கலாமா?

சென்னையில் பாண்டி பஜாரை 2019-ல் நடப்பவர்களுக்காக மாற்றி அமைத்தார்கள். வண்டி போகும் அகலத்தைக் குறைத்து, நடைபாதையை அகலமாக்கினார்கள். கடைகளும் நடத்துகிறார்கள், சனமும் வருகிறது. ஆனால் பாண்டி பஜார் ஏற்கெனவே அகலமான ரோடு. ஒப்பணக்கார வீதியில் அப்படியே செய்ய முடியாது. அது பஸ் வழி.

ராஜவீதியில் முடியும். முழு நாளும் வேண்டாம், காலை 11 மணியிலிருந்து இரவு 9 வரை நான்கு சக்கரத்தை நிறுத்தினாலே போதும். சரக்கு இறக்குவதை விடிகாலைக்கு மாற்றலாம். தேரோட்டத்தன்று இந்த நான்கு வீதியிலும் ஒரு வண்டி ஓடுவதில்லை. அன்றைக்கு ஊர் நின்றா போகிறது?

நகைக்கடைக்காரர்கள் பயப்படுவது வாடிக்கையாளர் வரமாட்டார் என்று. அந்தப் பயம் நியாயமானது. எங்கள் குடும்பமே அந்தத் தொழிலில் பிழைத்தது. அதற்கு வழி, நடந்தே வந்துவிடும் தூரத்தில் அடுக்கு வாகன நிறுத்தமும், முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டியும். நிறுத்தத்தைக் கட்டி முடித்த பிறகுதான் வீதியை மூட வேண்டும். வரிசை மாறினால் எல்லாம் கெட்டுவிடும்.

உங்களிடம் கேட்டால் முதலில் எதைச் செய்வீர்கள்?

உட்கார இடம்.

போன வருஷம் ஆவணி முகூர்த்த நாள். தொண்டாமுத்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஆத்தா, கையில் மஞ்சள் பை, பேத்திக்குத் தோடு வாங்க வந்தவர். மகன் கடைக்குள் பேரம் பேசிக்கொண்டிருக்க, உள்ளே மூச்சு முட்டுகிறது என்று வெளியே வந்துவிட்டார். கடையின் முன்திட்டில் உட்காரப் போனார். காவலாளி எழுந்திருக்கச் சொன்னார். அந்தத் திட்டின் விளிம்பில் கம்பி முனைகள் பதித்திருந்தார்கள், யாரும் உட்காரக் கூடாதென்று. என்னைப் பார்த்து, "ஏங்கண்ணு, செத்த உக்கார எங்காச்சும் எடமிருக்குதா?" என்று கேட்டார். பிறந்த ஊர், தெரியாத சந்து கிடையாது. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கோயிலைத் தவிர ஒன்றும் தென்படவில்லை. கோயிலுக்குள் போகலாம் என்றால், "தீட்டு கண்ணு, பங்காளி ஊட்ல சாவு" என்றார். கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் தன் ஸ்டூலைக் கொடுத்தார்.

காசு கொடுக்காமல், யாரும் விரட்டாமல் ஒரு மனுசி பத்து நிமிடம் உட்கார இடமில்லாததை எப்படி ஊர் மையம் என்று சொல்வது? அமுச்சியும் நானும் உட்கார்ந்த படி அப்போது ஞாபகம் வந்தது. எனவே என் கணக்கில் வண்ண விளக்கும் செல்ஃபி எடுக்கும் எழுத்துப் பலகையும் கடைசி. முதலில் தேர்நிலைத்திடலின் ஓரத்தில் தேர் திரும்ப இடைஞ்சல் இல்லாமல் ஒரு கல்திண்ணை வரிசை. இரண்டு புங்க மரமும் வேப்ப மரமும். சுத்தமான பெண்கள் கழிப்பறை, பூட்டில்லாமல். குடிக்கச் சிறுவாணிக் குழாய். கருங்கல் தளம், ஏனென்றால் வழுவழு டைல்ஸில் மழை நாளில் வழுக்கி விழுந்து என் அம்மா மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். தேர்ச் சக்கரத்தின் எடையையும் கருங்கல்தான் தாங்கும்.

மக்கள் கருத்தைச் சொல்ல வழி இருக்கிறதா?

வார்டு கமிட்டிக் கூட்டத்திலும், மாநகராட்சியின் வாராந்தரக் குறைதீர் முகாமிலும் எழுத்து மூலம் கொடுக்கலாம். கொடுத்தால் ரசீது எண் வாங்கிக்கொள்ளுங்கள். "டவுன்ஹாலை அழகாக்குங்கள்" என்று எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கடை முதல் எந்தக் கடை வரை, எத்தனை அடி, என்ன வேண்டும் என்று எழுதுங்கள்.

சுற்றிப் பார்க்க எப்போது வரலாம்?

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வாருங்கள். ஷட்டர்கள் திறக்கும் முன்னால் மேல்மாடிகளைப் பாருங்கள். பெயர்ப்பலகைகளுக்கு மேலே பழைய மரச் சாளரங்களும் சுண்ணாம்பு வேலைப்பாடும் இன்னும் சில கட்டடங்களில் தப்பித்திருக்கின்றன. மணிக்கூண்டில் தொடங்கி, விக்டோரியா ஹால், கோனியம்மன், வைசியாள் வீதி, கருப்பகவுண்டர் வீதி வழியாகத் தேர் போகும் பாதையிலேயே நடந்தால், ஒரு மணி நேரத்தில் தேர்நிலைத்திடலுக்கு வந்துவிடலாம். வயதானவர்களைக் கூட்டிவந்தால் மடக்கு ஸ்டூல் ஒன்று எடுத்து வாருங்கள்.